குளிர் காலமும் பற்றரி மின்னேற்றமும்

நுவரெலியா போன்ற உயர்நிலப் பிரதேசங்களில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இரவு வெப்பநிலை சில நாட்களில் 5 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. மறுநாட் காலை மரக்கறி லொறியோ முச்சக்கரவண்டியோ இயங்க மறுக்குமாயின், பற்றரி பழுதடைந்து விட்டதாகவே பலரும் முடிவு செய்கின்றனர். 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளையடுத்து வீடுகளிலும் ஈய அமில பற்றரிகள் இடம்பிடித்துள்ள நிலையில், இது குறித்து நாம் தெளிவு பெறுவது அவசியமாகும்.

பற்றரியினுள் நடைபெறுவது இரசாயனத் தாக்கமே. குளிரில் அதன் வேகம் குறைகின்றது, உட்தடை அதிகரிக்கின்றது. இதனால் மின்னேற்றி தனக்கு வரையறுக்கப்பட்ட வோல்ற்றளவை விரைவில் எட்டி, மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகின்றது. பற்றரி நிரம்பியது போலத் தோன்றினாலும் உண்மையில் அது நிரம்பியிருப்பதில்லை. இந்நிலை நீடிக்குமாயின் தகடுகளில் ஈய சல்பேற்றுப் படிகங்கள் இறுகி, நல்ல பற்றரியும் நிரந்தரமாகப் பழுதடைந்து விடும்.

ஆகவே, குளிரில் சற்றுக் கூடுதலான வோல்ற்றளவு தேவைப்படுகின்றது. 12 வோல்ற் பற்றரிக்கு 25 பாகையில் 14.4 வோல்ற் போதுமெனின், 5 பாகையில் ஏறத்தாழ 14.9 வோல்ற் வேண்டும். எனினும் இதே அளவை கொழும்பு, யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற வெப்பமான இடங்களில் வழங்கினால் நீர் வற்றி பற்றரி கெட்டுவிடும். வெப்பநிலைக்கேற்பத் தன்னைச் சீர்செய்யும் மின்னேற்றியே இதற்குரிய தீர்வாகும். சரியான அளவு பற்றரிக்குப் பற்றரி வேறுபடுமாதலால், தயாரிப்பாளரின் அறிவுறுத்தலைப் பின்பற்ற வேண்டும்.

கனடா போன்ற நாடுகளில் வாழும் எம்மவர் மேலுமொரு விடயத்தைக் கவனத்திற் கொள்ள வேண்டும். முழுமையாக மின்னேற்றப்பட்ட பற்றரி பூச்சியத்திற்குக் கீழ் 50 பாகையிலும் உறைவதில்லை. ஆனால் மின் தீர்ந்த பற்றரியில் அமிலம் நீர்த்திருப்பதால், அது பூச்சியத்திற்குச் சில பாகைகள் கீழேயே உறையக்கூடும். உறைந்த பற்றரிக்கு ஒருபோதும் மின்னேற்றக்கூடாது. அது வெடிக்கும் அபாயமுண்டு.

குளிருக்கு அஞ்சி யன்னல்களை அடைத்த அறையினுள் மின்னேற்றுவதும் ஆபத்தானதே. அப்போது வெளியேறும் ஐதரசன் வாயு எளிதில் தீப்பற்றக் கூடியது. குப்பி விளக்கோ அடுப்போ அருகில் இருத்தலாகாது.

புதிய பற்றரிக்குப் பெருந்தொகை செலவிடுமுன், பழையதை முழுமையாக மின்னேற்றிப் பரிசோதித்துப் பார்ப்பதே விவேகமானதாகும். விற்பனையாளர்களும் இதனை வாடிக்கையாளருக்கு எடுத்துரைப்பது அவர்களது கடமையென்றே நாம் கருதுகின்றோம்.