கேமிங் கம்ப்யூட்டருக்கு குட்டி ‘கேபினட்’ வாங்க போறீங்களா? அளவு பார்க்காமல் காசு கொடுத்தால் அவதிதான்!

சென்னை,

பிளஸ்-2 முடித்த மகன் ‘கேமிங் கம்ப்யூட்டர்’ கேட்டு அடம் பிடிக்கிறான். அப்பாவும் சீட்டு எடுத்த பணத்தோடு ரிச்சி தெருவுக்கு கிளம்புகிறார். ஒண்டு குடித்தன வீட்டில் பெரிய பெட்டி வைக்க இடம் கிடையாது. “சின்னதா, விலை கம்மியா ஒரு கேபினட் கொடுங்க” என்று கேட்கிறார். பலருக்கு காசு கரைவது இந்த இடத்தில்தான்.

பிராசசர், கிராபிக்ஸ் கார்டு என்று பார்த்து பார்த்து வாங்குபவர்கள், கேபினட் விஷயத்தில் மட்டும் கலர் லைட்டை பார்த்து மயங்கி விடுகிறார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் கார்டு உள்ளே நுழையாது. பிரித்த பொருளை கடையில் திருப்பி எடுக்க வைப்பது குதிரைக்கொம்பு. கேபினட் வாங்கும்போது கவனிக்க வேண்டிய விவரம் வருமாறு:-

3 அளவு மதர்போர்டு

மதர்போர்டுகள் முக்கியமாக 3 அளவுகளில் வருகின்றன. 1995-ல் இன்டெல் நிறுவனம் கொண்டு வந்த ஏ.டி.எக்ஸ். போர்டு 30.5 சென்டிமீட்டர் நீளம், 24.4 சென்டிமீட்டர் அகலம். 1997-ல் வந்த மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 24.4 சென்டிமீட்டர் சதுரம். 2001-ல் வியா நிறுவனம் அறிமுகப்படுத்திய மினி ஐ.டி.எக்ஸ். வெறும் 17 சென்டிமீட்டர் சதுரம்.

சின்ன போர்டை பெரிய கேபினட்டில் மாட்டலாம். பெரிய போர்டை சின்ன கேபினட்டில் மாட்ட முடியாது.

தண்ணி கேன் கணக்கு

கேபினட் அளவை லிட்டரில் சொல்வார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 40 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 40 உயரம் என்றால் 32 லிட்டர். அதாவது வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணி கேன் ஒன்றரை வைத்தால் எவ்வளவு இடமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. வழக்கமான பெரிய கேபினட் 40 லிட்டரை தாண்டும்.

கூலர் மாஸ்டர் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட என்.ஆர்.200 கேபினட் 18.25 லிட்டர்தான். தண்ணி கேனை விட சின்னது. ஆனாலும் 33 சென்டிமீட்டர் நீள கார்டு வரை தாங்கும்.

சின்னது என்றால் மலிவா?

இங்கேதான் சூட்சுமம். மினி ஐ.டி.எக்ஸ். கேபினட் சகாயமாக கிடைத்தாலும், அதற்கான மதர்போர்டு விலை மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டை விட ரொம்ப அதிகம். சில மாடல்கள் ஏறத்தாழ இரு மடங்கு வரை போகும். ராம் மாட்டவும் பெரும்பாலும் 2 இடம்தான் இருக்கும்.

எஸ்.எம்.பி.எஸ்.சும் தனி ரகம். சாதாரண எஸ்.எம்.பி.எஸ். 15 சென்டிமீட்டர் அகலம், 8.6 சென்டிமீட்டர் உயரம். பல குட்டி கேபினட்டுகளுக்கு எஸ்.எப்.எக்ஸ். எனப்படும், 12.5 சென்டிமீட்டர் அகலமும் 6.35 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட சின்ன ரகம்தான் பொருந்தும். இதன் விலையும் கூடுதல். கேபினட்டில் ஆயிரம் மிச்சம் பிடித்து, மற்றதில் பல ஆயிரம் விடுவது போலத்தான்.

எனவே பட்ஜெட் குடும்பத்துக்கு, சாதாரண எஸ்.எம்.பி.எஸ். பொருந்தும் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். கேபினட்தான் கட்டுபடியாகும். இடமும் அடைக்காது, பாக்கெட்டும் காலியாகாது.

காத்து வரணும்

கத்திரி வெயிலில் சென்னையில் வெயில் 100 டிகிரியை தாண்டுகிறது. ஏ.சி. இல்லாத வீட்டில் கேபினட்டுக்குள் போகும் காற்றே சூடாகத்தான் இருக்கும். சூடு எல்லை மீறினால் பிராசசரும் கார்டும் தாமாகவே வேகத்தை குறைத்துக்கொள்ளும். ரூ.30 ஆயிரத்துக்கு கார்டு போட்டும் கேம் திக்கி திணறும்.

எனவே முன்பக்கம் முழுக்க கண்ணாடி போட்டு அடைத்த கேபினட் வேண்டாம். வலை போன்ற ‘மெஷ்’ முகப்பு உள்ளதே நல்லது. முன்பக்கம் காற்றை இழுக்க 2 பேன், பின்பக்கம் வெளியேற்ற 1 பேன் இருந்தால் போதும். சில கேபினட்டில் ஒரே ஒரு பேன்தான் இருக்கும். மீதி பேன் வாங்கும் செலவையும் சேர்த்து விலையை ஒப்பிட வேண்டும். கழற்றி கழுவும் தூசி வடிகட்டி இருக்கிறதா என்றும் பாருங்க. பின்பக்க ஓட்டைகளை மூடும் தகடும் முக்கியம். இல்லாவிட்டால் கரப்பான் பூச்சியும் பல்லியும் குடி வந்துவிடும்.

‘இலவச’ எஸ்.எம்.பி.எஸ். உஷார்!

சில மலிவு கேபினட்டுகளோடு எஸ்.எம்.பி.எஸ். சேர்த்தே தருவார்கள். அட்டையில் 450 வாட் என்று போட்டிருந்தாலும், கேமிங் கார்டுக்கு அதை நம்பக்கூடாது. ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு மட்டுமே 115 வாட் இழுக்கும். அந்த கம்ப்யூட்டருக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போடும்படி என்விடியா நிறுவனமே சொல்கிறது. மட்டமான எஸ்.எம்.பி.எஸ். பழுதானால் கார்டையும் மதர்போர்டையும் சேர்த்து காவு வாங்கும் ஆபத்து உண்டு. இந்த செலவில் மட்டும் கை வைக்கக்கூடாது.

கடையில் செய்ய வேண்டியது

* பக்கவாட்டு தகட்டை விரலால் லேசாக அழுத்தி பாருங்க. தகர டப்பா போல் உள்வாங்கினால் வேண்டாம்.

* உள் ஓரங்கள் கையை கிழிக்கும் அளவுக்கு கூர்மையாக இருக்கக்கூடாது.

* கார்டு நீளத்துக்கு சொல்லும் அளவு, முன்பக்க பேனை சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்க. பேன் பொதுவாக 2.5 சென்டிமீட்டர் தடிமன் இருக்கும்.

* பிராசசரோடு வரும் கூலர் குட்டையானது. தனியாக டவர் கூலர் போட்டால் அதுவே 15, 16 சென்டிமீட்டர் உயரம் வரும். பக்க கதவு மூடுமா என்று கேளுங்க.

* ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீங்க. பின்னால் சண்டை போட அதுதான் ஆதாரம்.

வீட்டில், துணி அடுக்கும் மூடிய அலமாரிக்குள் கேபினட்டை திணிக்காமல், பின்னால் அரை சாண் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். கேபினட் இரும்பு பெட்டி என்பதால், எர்த் உள்ள 3 பின் பிளக்கில்தான் கனெக்‌ஷன் கொடுக்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் தொடும்போது ‘ஷாக்’ அடிக்கலாம்.

மதர்போர்டு அளவு, கார்டின் நீளம், கூலர் உயரம், எஸ்.எம்.பி.எஸ். நீளம். இந்த நாலையும் ஒரு துண்டு சீட்டில் எழுதி, கையில் ஒரு இஞ்ச் டேப்போடு கடைக்கு போனால் போதும். சீட்டுப் பணம் வீணாகாது, பையனும் சந்தோஷமாக விளையாடுவான்.