கையெழுத்துக்கு முன் காகிதம்

கோவை, திருப்பூர், ஓசூர் பக்கம் வளர்ந்துவரும் கம்பெனிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பல வருடம் கணக்குப் பார்த்தவரை முதலாளி கூப்பிட்டு, "இனிமே நீங்கதான் நம்ம சி.எஃப்.ஓ." என்கிறார். விசிட்டிங் கார்டு வந்துவிடுகிறது, சம்பளமும் கொஞ்சம் ஏறுகிறது. போர்டு தீர்மானம் எங்கே என்று கேட்டால், "நமக்குள்ள எதுக்கு சார் காகிதம்" என்ற பதில்தான். அவரும் பாங்க் படிவம், பேலன்ஸ் ஷீட் என்று நீட்டியதிலெல்லாம் கையெழுத்துப் போடுகிறார். நோட்டீஸ் வந்த பிறகுதான் வக்கீலைத் தேடி ஓடுகிறார்.

பில்லைச் சரிபார்த்து, சம்பளம் போட்டு, வருடக் கடைசியில் ஆடிட்டரிடம் ஃபைலைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்ற காலம் மலையேறிவிட்டது. இரண்டாவது யூனிட் போடலாமா, கடன் வாங்கலாமா, பங்கு கொடுத்து முதலீட்டாளரைச் சேர்க்கலாமா என்ற முடிவுகளில் நிதித் தலைவரான சி.எஃப்.ஓ. உட்கார்ந்தே ஆக வேண்டும். அவரை வெளியே நிறுத்தினால் என்ன ஆகும்? ஒரு சிறு சப்ளையரிடம் 90 நாள் தவணை பேசிவிட்டதாகக் கொள்முதல் பிரிவு பெருமைப்படும். உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வருமான வரியிலும் பணம் கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். பேசியவர் ஒருவர், வரி கட்டும்போது விழிப்பவர் இன்னொருவர்.

முடிவில் பங்கு இல்லாவிட்டாலும் பொறுப்பில் பங்கு உண்டு. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாய்க்குக் குறையாத பப்ளிக் கம்பெனியும் முழுநேர சி.எஃப்.ஓ.வை போர்டு தீர்மானம் போட்டு நியமிக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் நியமித்துவிட்டால், 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி அவர் முக்கிய நிர்வாகிகளில் ஒருவர்; தவறு நடந்தால் பொறுப்பேற்க வேண்டிய அதிகாரி. கணக்குப் புத்தகம் சரியாக இல்லையென்றால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அவர் பெயரிலேயே விழலாம். மோசடி என்றால் சிறை. சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் கணக்கு மோசடி வழக்கில் 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்த 10 பேரில் முன்னாள் சி.எஃப்.ஓ.வும் ஒருவர். மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது உண்மை. ஆனால் வழக்கு தொடங்கி அதற்குள் ஆறு வருடம் போய்விட்டது.

பட்டம் வேண்டாம், மேனேஜராகவே இருந்துவிடுகிறேன் என்றும் தப்ப முடியாது. கணக்குப் பொறுப்பில் இருந்துகொண்டு, தெரிந்தே தவறுக்கு இடம் கொடுத்தவரும் அதே சட்டப் பிரிவுக்குள் வருகிறார்.

ஆகவே, முதல் கையெழுத்துக்கு முன் போர்டு தீர்மானத்தின் சான்றளித்த நகலை வாங்குங்கள். எதில் உங்களுக்கு அதிகாரம், எவ்வளவு ரூபாய் வரை என்று அதில் இருக்க வேண்டும். நியமனம் நடந்த 30 நாளுக்குள் டி.ஐ.ஆர்-12 படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டியது கம்பெனியின் கடமை. "போட்டாச்சு சார்" என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். எஸ்.ஆர்.என். என்ற தாக்கல் எண் உள்ள சலானைக் கேளுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் 100 ரூபாய் கட்டினால் கம்பெனியின் பொது ஆவணங்களைப் பார்க்கலாம்; நீங்களே பாருங்கள்.

அடுத்தது டிஜிட்டல் கையெழுத்து. எத்தனையோ பேருடைய யு.எஸ்.பி. டோக்கன், பின் நம்பர் எழுதி ஒட்டிய ஸ்டிக்கரோடு, ஆடிட்டர் அலுவலக மேஜை டிராயரில் கிடக்கிறது. வெற்றுக் காசோலைக் கட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அந்த டோக்கனைப் பத்திரமாக உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி உங்கள் கடமை. இன்றே போய் வாங்குங்கள். கைமாறித் தவறாகப் பயன்பட்டதாகச் சந்தேகம் வந்தால், வழங்கிய நிறுவனத்துக்கு உடனே எழுதி ரத்து செய்யுங்கள்.

தொழிலாளியிடம் பிடித்த பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள்ளும், டி.டி.எஸ். பணத்தைப் பொதுவாக 7-ஆம் தேதிக்குள்ளும் கட்ட வேண்டும். "மெஷினுக்கு முன்பணம் கொடுத்துட்டு அப்புறம் கட்டிக்கலாம்" என்று முதலாளி சொன்னால், கூடாது என்று எல்லா இயக்குநர்களுக்கும் மின்னஞ்சலில் எழுதுங்கள். மறுப்பைப் போர்டு குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். வாயால் சொன்ன மறுப்புக்குச் சாட்சி கிடையாது.

விலகும்போதுதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். இயக்குநர் தன் ராஜினாமாவைப் பதிவாளருக்குத் தானே தெரிவிக்க டி.ஐ.ஆர்-11 இருக்கிறது. சி.எஃப்.ஓ.வுக்கு அந்த வழி இல்லை. கம்பெனிதான் மறுபடி டி.ஐ.ஆர்-12 போட வேண்டும். அதனால் ராஜினாமாக் கடிதத்தைக் கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, டெலிவரிச் சான்றை வைத்திருங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து எல்லா இயக்குநர்களுக்கும் நகல் போகட்டும். 30 நாள் கழித்தும் தாக்கல் ஆகவில்லையென்றால், தபால் ரசீதோடு பதிவாளருக்குப் புகார் கொடுங்கள். கம்பெனியின் பதிவு அலுவலகம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து, பதிவாளர் அலுவலகம் சென்னையிலோ கோவையிலோ இருக்கும். பதில் வரத் தாமதமாகும், சலித்துவிடாதீர்கள். நீங்கள் எழுதிய தேதி பதிவில் இருப்பதுதான் முக்கியம்.

ராஜினாமா அனுப்பும் அதே நாளில் பாங்குக்கும் கடிதம் கொடுத்து, கையெழுத்து அதிகாரத்திலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லி, சீல் வைத்த நகலை வாங்குங்கள். ஜி.எஸ்.டி., பி.எஃப். தளங்களிலும் கையெழுத்தாளர் பெயரை மாற்றச் செய்யுங்கள். காசோலை திரும்பினால் கையெழுத்துப் போட்டவருக்கும் சம்மன் வரும். நீங்கள் வேலையை விட்டுப் போனது பாங்குக்குத் தானாகத் தெரியாது.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நிதித் தலைவரை முடிவெடுக்கும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். எதிர்த்துப் பேசினால் முகம் சுளிக்காமல் கேளுங்கள். ஏற்கெனவே சி.எஃப்.ஓ. பதவியில் இருப்பவர்கள் இந்த வாரமே டி.ஐ.ஆர்-12 சலானையும் டோக்கனையும் கேட்டு வாங்கிவிடுங்கள். தர மறுக்கும் கம்பெனியில் அடுத்த கையெழுத்தைப் போடாதீர்கள்.