உஷார்! ‘வயசாயிடுச்சுல்ல...’ என்று சொல்வதற்கு முன்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. பால்காரர் மாதக் கணக்கில் எட்டு ரூபாய் கூட்டிச் சொன்னால் வாசலிலேயே நிறுத்திவைத்துத் திருத்துகிற ஆள். போன ஆடி மாதம் அவர் கொஞ்சம் கொஞ்சமாக மங்க ஆரம்பித்தார். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். இட்லி சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்தில், “டிபன் ஆகலையா?” என்பார். பகலெல்லாம் தூக்கம். நடக்கும்போது ஒரு கால் லேசாக இழுத்தது. வீட்டில் எல்லோரிடமும் ஒரே பதில்தான் தயாராக இருந்தது: “வயசாயிடுச்சுல்ல... மறதி வரத்தானே செய்யும்?”

ஊரிலிருந்து வந்த மகள்தான் விடவில்லை. “எப்பலேர்ந்து இப்படி?” என்று துருவித் துருவிக் கேட்டபோது அம்மாவுக்கு நினைவு வந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் பாத்ரூமில் வழுக்கி, தலை கதவு நிலையில் இடித்திருக்கிறது. புடைப்பு இரண்டு நாளில் வற்றிவிட்டதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாத்தியாரோ இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் போடுகிறவர். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மண்டையோட்டுக்கு அடியில் ரத்தம் தேங்கி, மூளையை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தது. சிறு துளை போட்டு வடித்தார்கள். பத்து நாளில் வீடு திரும்பியவர், முதல் வேலையாக ஆஸ்பத்திரி பில்லைக் கூட்டிப் பார்த்தார்.

வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது. அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. லேசான இடி போதும், ஒன்று கிழிய. ரத்தம் ஒரே நாளில் பீறிடாது, வாரக்கணக்கில் கசியும். விழுந்த சம்பவமே மறந்துபோன பிறகுதான் ஆள் மாறத் தொடங்குவார். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். உங்கள் வீட்டுப் பெரியவரின் போக்கு மாறினால், கடந்த இரண்டு மூன்று மாதத்தில் அவர் எங்கேயாவது விழுந்தாரா என்பதை முதலில் கேளுங்கள்.

மறதி என்றாலே டிமென்ஷியா, அதற்கு மருந்தில்லை, ஆகவே டாக்டரிடம் போய் என்ன பிரயோஜனம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த அவசரத்தில்தான் சரிசெய்யக்கூடியவையும் கைநழுவிப் போகின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி வரை தெளிவாகப் பேசியவர் இன்று காலையில் மகனை அண்ணன் என்கிறார், சுவரோடு பேசுகிறார், இடம் தெரியாமல் தடுமாறுகிறார் என்றால் அது வயதின் மறதி இல்லை. மறதி நோய் மாதங்களில், வருடங்களில் வளரும். ஒரே ராத்திரியில் வந்து குதிக்காது. சிறுநீரில் கிருமித் தொற்று, நுரையீரலில் சளி கட்டுதல், ரத்தத்தில் சோடியம் இறங்குதல், சர்க்கரை திடீரெனத் தாழ்தல், பக்கவாதம் என எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல்கூடத் தெரியாமல், குழப்பம் மட்டுமே வெளியில் தெரிவதுண்டு. “உப்பு குறைஞ்சிடுச்சாம்” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசிக்கொள்வது இந்தச் சோடியத்தைத்தான். பிரஷருக்காகத் தரும் சிலவகை நீர்மாத்திரைகளாலும் அது இறங்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அடுத்து, அந்த மாத்திரைப் பை. எல்லா வீட்டிலும் ஒன்று தொங்குகிறது. ஜவுளிக்கடைப் பையோ பழைய பிஸ்கட் டப்பாவோ, அதற்குள் மூன்று டாக்டர்கள் தனித்தனியே எழுதியதும், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியதும், பக்கத்து வீட்டுக்காரர் ‘நல்லா கேக்குது’ என்று கொடுத்ததுமாக ஒரு குவியல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அப்படியே பாயில் கொட்டிப் பாருங்கள்.

மெட்ஃபார்மின் இருக்கும். சர்க்கரைக்கு நல்ல மருந்துதான். ஆனால் வருடக்கணக்கில் சாப்பிடும்போது உடம்பு பி12 வைட்டமினை உறிஞ்சிக்கொள்வது குறையக்கூடும். கூடவே ‘கேஸ் மாத்திரை’ இருக்கும். பான்டோபிரசோலை எதற்கு, எப்போது தொடங்கினோம் என்பதே மறந்து பத்து வருடமாகக் காலையில் விழுங்குகிறவர்கள் எத்தனை பேர்! அதுவும் பி12-ஐக் குறைக்கக்கூடியது. இவற்றோடு சைவச் சாப்பாடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பி12 காய்கறியில் கிடையாது. முட்டை, மீன், கறியில் இருக்கிறது. பாலிலும் தயிரிலும் கொஞ்சம். அது குறைந்தால் பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும், நினைவு மங்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ சரிக்கட்டலாம். ரொம்ப நாள் விட்டால் நரம்பின் சேதம் முழுதாகத் திரும்பாது. தைராய்டும் இப்படித்தான்: குறைந்தால் மந்தம், கண்டுபிடித்தால் மாத்திரை.

பாயில் கிடக்கும் மற்றவற்றையும் பாருங்கள். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை, பெரியவர்களைக் குழப்பும், தள்ளாட வைக்கும், கீழே தள்ளவும் செய்யும். ஜலதோஷத்துக்கு வாங்கும் பழைய ரக மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின், அடிக்கடி சிறுநீர் போவதைத் தடுக்கத் தரும் சில மருந்துகள் ஆகியவையும் மூளையின் நினைவு வேலைக்குத் தேவையான ரசாயனத்தையே மட்டுப்படுத்துபவை. கிளிமிபிரைடு, இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை தாழும். அது திரும்பத் திரும்ப நடப்பது மூளைக்கு நல்லதல்ல. அதற்காக இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களே நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். பையோடு டாக்டரிடம் போய், “இதுல எது இன்னும் வேணும்?” என்று கேளுங்கள்.

சரி, இவை எதுவும் இல்லை. உண்மையான மறதி நோய்தானா? கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பெயர் வாயில் வராமல் தவித்து, திரும்பி வரும் பஸ்ஸில் ஞாபகம் வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. எனக்கே அது வாராவாரம் நடக்கிறது. நாற்பது வருடமாக வத்தக்குழம்பு வைத்த கை, புளியைக் கரைத்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றால்தான் யோசிக்க வேண்டும். தினமும் போகும் கோயிலிலிருந்து வழி தவறுவது, பென்ஷன் பணத்தை எண்ணத் தெரியாமல் போவது, சாந்தமானவர் சந்தேகக்காரராக மாறி வேலைக்காரம்மாவைத் திருடி என்பது... இவற்றைச் சண்டையாக்காதீர்கள், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். டாக்டருக்கு அந்த நோட்டு பெரிய உதவி. இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்பது 2023-ல் வெளியான தேசிய ஆய்வின் கணக்கு. ஆண்களைவிடப் பெண்களிடம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். மாமியாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று திண்ணையில் ஒதுக்கி உட்காரவைத்த எத்தனை வீடுகளின் கதையோ அந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

இதுவரை பெரியவர்களைப் பற்றிப் பேசினேன். இனி நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். மணி அடிப்பது உங்களுக்குத்தான்.

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. இவை எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்கக் கட்டுப்படுத்தினால், உலகில் டிமென்ஷியாவில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. சர்க்கரை, சிகரெட், அளவு மீறிய குடி, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், நடமாட்டமின்மை, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, தலையில் அடி, கேட்காத காது, தெரியாத கண், சின்ன வயதில் கிடைக்காத படிப்பு. பதினான்காவது பிரஷர். நம் ஊரில் மிகச் சாதாரணமாகக் கோட்டைவிடுவது அதைத்தான்.

மூளையின் எடை உடம்பில் இரண்டு சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவிடும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது தின்கிறது. அதைக் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களை உயர் ரத்த அழுத்தம் வருடக்கணக்கில் அடித்து அடித்துக் கெட்டிப்படுத்துகிறது. வலி கிடையாது, அறிகுறி கிடையாது. “எனக்கு ஒண்ணும் பண்ணலையே” என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பிலே வளர்ந்த நாக்கு வேறு நமக்கு.

சீனாவின் கிராமங்களில் சுமார் 34,000 பேரை வைத்து நான்கு வருடம் நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது. எல்லோருமே பிரஷர் கட்டுக்குள் இல்லாத நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். பாதி ஊர்களில், மூளை நிபுணர் யாருமில்லாமல், உள்ளூர்க் கிராம வைத்தியர்களே பயிற்சி பெற்று மாத்திரையைச் சரிசெய்து விடாமல் கண்காணித்தார்கள். அந்த ஊர்களில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைவு. நம்மிடமும் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். அவர்கள் வரும்போது “நான் நல்லாத்தான்மா இருக்கேன்” என்று அனுப்பிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் கடைசியாகப் பிரஷர் பார்த்துக்கொண்டது கோவிட் தடுப்பூசி போட்ட காலத்தில்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் பெரியம்மா எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். மறுநாள் கேட்டால், “நீ எப்போ சொன்னே?” என்பார். மறதி என்றுதான் முத்திரை குத்தினோம். விஷயம் அவர் காதிலேயே விழவில்லை. விழாததை எப்படி ஞாபகம் வைப்பது? கண்ணாடி போடக் கூச்சப்படாத நாம், காதில் மிஷின் வைக்க மட்டும் கௌரவம் பார்க்கிறோம். அமெரிக்காவில் நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், காது மிஷின் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தரவில்லை என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமிருந்த முதியவர்களிடம் அறிவாற்றல் சரியும் வேகம் மூன்று வருடத்தில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில வீடுகளில் செலவு அதோடு முடிந்துவிடும்.

பயம் இருக்கும் இடத்தில் வியாபாரியும் இருப்பான். ‘நினைவாற்றல் டானிக்’ விளம்பரங்களில் அடிக்கடி வரும் ஜிங்கோ இலைச் சாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய 3,069 பேரை வைத்து, அதில் பாதிப் பேருக்கு மட்டும் அதைக் கொடுத்து, சுமார் ஆறு வருடம் சோதித்துப் பார்த்தார்கள். டிமென்ஷியாவை அது தடுக்கவில்லை என்று 2008-லேயே முடிவு வந்துவிட்டது. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு பயம் வேறு. வல்லாரைத் துவையலை ருசிக்காகத் தாராளமாகச் சாப்பிடலாம், பிரஷர் மாத்திரைக்குப் பதிலாக அல்ல. மொபைலில் ‘மூளைப் பயிற்சி’ விளையாட்டா? முதுமை மறதியைத் தடுக்கும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக அமெரிக்க அரசு அமைப்பிடம் லுமோசிட்டி நிறுவனம் 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டியது. அந்தச் சந்தாக் காசுக்குப் பஸ் ஏறிச் சிநேகிதரைப் பார்த்துவிட்டு வாருங்கள். நடந்தது போலவும் ஆயிற்று, பேசியது போலவும் ஆயிற்று.

கவனித்துக்கொள்ள ஆளில்லாத பெரியவர்களுக்கும், பார்த்துக்கொள்ள வழி தெரியாமல் திணறுகிறவர்களுக்கும் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. கட்டணமில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள்.

இந்தக் கட்டுரையின் பாதியில் எனக்கே உறுத்தி, பேனாவை வைத்துவிட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லி மறுபடியும் பார்த்தார். 154/96. “எத்தனை நாளா சார் பார்க்காம இருக்கீங்க? வயசு என்ன?” என்றார். ஐம்பத்து இரண்டு என்றேன். “எனக்கு இன்னும் வயசாகலையே சிஸ்டர்” என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.