வன்னித் தண்ணியா, வெயிலா, பரம்பரையா?

1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு லயத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய உறவுகள் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே ஒரு பிள்ளைக்கு மூட்டு வீங்கி, வெயில் பட்டால் இரு கன்னமும் மூக்கும் சிவந்து, தலைமயிர் கொட்டினால் "வன்னித் தண்ணி ஒத்துக்கல" என்கிறோம். இங்கே மலையில் வந்தால் "யாரோ செஞ்சி வச்சிட்டாங்க" என்கிறோம். இரண்டு இடத்திலும் அது லூபஸ் என்ற ஒரே நோயாக இருக்கலாம்.

லூபஸ் என்றால் என்ன?

கிருமிகளை எதிர்க்க வேண்டிய சக்தி நம் சொந்த உடம்பையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இது தொற்றாது. நோயாளர் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள்.

ஊர் காரணமா?

1995இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நடந்த ஆய்வொன்று வெளிவந்தது. ஒரே நகரத்தில் வாழ்ந்தும், வெள்ளையரை விட ஆசிய, ஆபிரிக்க-கரீபிய வழிவந்தவர்களிடம் லூபஸ் கூடுதலாக இருந்தது. ஆகவே தண்ணியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பெற்றோரிடமிருந்து வரும் பரம்பரையலகுகளுக்கும் பங்குண்டு. ஒன்றல்ல, நூற்றுக்கு மேற்பட்டவை சிறிது சிறிதாகச் சேர்ந்து ஆபத்தைக் கூட்டுகின்றன. எவை கூடுதல் என்பது மக்களுக்கு மக்கள் மாறும்.

மலேரியாவுக்கும் இதற்கும் என்ன உறவு?

கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்த நம் முன்னோரில் பலர் காய்ச்சலில் மாண்டார்கள். வன்னியையும் மலேரியா நெடுங்காலம் வாட்டியது. நோய் எதிர்ப்புச் சக்திக்குக் கடிவாளம் போடும் பரம்பரையலகு ஒன்று உண்டு. அதன் ஒரு வகையில் கடிவாளம் தளர்வாக இருக்கும். 2010இல் வெளியான ஆய்வின்படி, தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இந்த வகையைப் பெற்ற கென்யாப் பிள்ளைகளைக் கடும் மலேரியா குறைவாகவே தாக்கியது. அதே வகை லூபஸ் ஆபத்தைக் கூட்டுகிறது! மலேரியா இருந்த ஆபிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் இது கூடுதல், ஐரோப்பாவில் குறைவு. ஆக, பரம்பரையில் வருவது சாபமல்ல. ஒரு காலத்தில் உயிர் காத்ததே இன்று தொல்லை தருகிறது.

இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. ஆனால் மலேரியாவுக்கென வந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மாத்திரைதான் இன்று லூபசுக்கு முக்கிய மருந்து.

குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால்?

பயப்பட வேணாம். ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும், மற்றவருக்கு வருவது சுமார் நாலில் ஒரு பங்குதான். அக்காவுக்கு இருக்கிறது என்று தங்கையின் கல்யாணத்தை நிறுத்துவது அநியாயம். நோயை மறைப்பதோ அதைவிட ஆபத்து. வலியே இல்லாமல் சிறுநீரகம் கெட்டுப்போகலாம்.

ஆகவே:

மேற்சொன்ன குணங்கள் இருந்தால் வைத்தியசாலைக்குப் போய் இரத்தமும் சிறுநீரும் சோதியுங்கள்.

வெயில் நோயைக் கிளப்பிவிடும். கொழுந்தெடுக்கப் போகும்போது நீளக்கைச் சட்டை போட்டு, முகத்தையும் மறைத்துக்கொள்ளுங்கள்.

சுகமாயிட்டு என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிள்ளை பெற விரும்பினால் முன்கூட்டியே வைத்தியரிடம் பேசுங்கள்.

அடுத்த முறை வன்னி உறவுகளுடன் போனில் பேசும்போது இதையும் சொல்லுங்கள்.