ஜாசின்: நிலத்துக்கான திட்டமும் தோட்டத்து மக்களும்

மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத்தின் பொருளாதாரம் நெடுங்காலம் மரத்தின் ஆயுளைக் கணக்கிட்டே நடந்தது. 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட தான் சாய் யான், அடுத்துப் பெரிய அளவில் பயிரிட்ட இடம் இம்மாவட்டத்தின் புக்கிட் அசகான். நட்ட ரப்பரில் பால் வெட்ட ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிறகு சுமார் 25 ஆண்டுகள் பலன் உண்டு. முதலீட்டை இவ்வளவு தொலைவுக்குத் திட்டமிட்ட தோட்டக் கம்பெனிகள், பால்வெட்டும் தமிழருக்குத் தந்தது கூலியும் லயத்து வீடும்தான். வேலை போனால் வீடும் போகும். பின்னாளைய துயரங்கள் பலவற்றுக்கும் இதுவே வேர்.

1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றனர். குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இதைத் தடுக்க ம.இ.கா. தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணையில் கட்டிய பங்குப் பணத்தால் சங்கம் முழுத் தோட்டங்களையே வாங்கியது. நிலத்தைச் சிதறவிடாமல் தொழிலாளியை உரிமையாளராக்கிய அந்த வழியே மலேசியத் தமிழர் கண்ட மிகச் சிறந்த பொருளாதாரத் திட்டம். ஆனால் அது எல்லாத் தோட்டங்களையும் எட்டவில்லை. 1967-இல் புக்கிட் அசகான் தொழிலாளர்கள் நீதி கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தே சென்றனர்.

அரசு 1956-இல் தொடங்கிய நில மேம்பாட்டு அமைப்பான பெல்டா, குடியேறியவர்களுக்குச் சுமார் 10 ஏக்கர் பயிர்நிலம் ஒதுக்கியது. தோட்டத் தமிழர்களில் மிகச் சிலருக்கே அதில் இடம் கிடைத்தது. 1971-இன் புதிய பொருளாதாரக் கொள்கை இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பதாக அறிவித்தது. ஆயினும் தோட்டம் தனியார் நிலம் என்பதால், கிராமங்களுக்குப் போன குழாய்நீரும் மின்சாரமும் லயங்களுக்கு வரத் தாமதமாயின.

ரப்பர் போய், குறைவான ஆட்களே போதுமான செம்பனை வந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் மெர்லிமாவ் பாலிடெக்னிக்கும் வந்தன. நிலத்தின் மதிப்பு விளைச்சலை மட்டும் பொறுத்ததாக இனி இல்லை.

இப்போது நிலப் பயன்பாட்டை வழிநடத்துவது 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். மாநிலத்துக்குக் கட்டமைப்புத் திட்டமும் வட்டாரத்துக்கு உள்ளூர்த் திட்டமும் இச்சட்டப்படியே வகுக்கப்படுகின்றன. வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபங்கள் எழுத்தில் பெறப்படும். தமிழ்ப்பள்ளி, கோயில், இடுகாடு, ஓய்வுபெற்றோர் குடியிருப்பு ஆகியவற்றுக்கான நிலத்தை வரைபடத்தில் குறிக்கச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். திட்டம் அரசிதழில் வெளியான பின் அதைத் திருத்துவது கடினம்.