மவுஸ் பட்டதும் துள்ளும் மெனு

கடந்த மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நான் ஒண்டை அமத்திறன், அது வேற ஒண்டைத் திறக்குது. நாளைக்குக் கடைசித் திகதி" என்றார். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு நான் செய்துகொடுத்த இணையத்தளத்திலிருந்து, அயல்வீட்டுப் பிள்ளைக்காகப் புலமைப்பரிசில் படிவத்தை இறக்க மூன்று தரம் முயன்றிருக்கிறார். மூன்று தரமும் முன்னைய ஆண்டின் கணக்கறிக்கைதான் இறங்கியிருக்கிறது. வயதுபோன கை, தவறி அழுத்துகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்குப் போய் அவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் பிழை என்னுடையது என்று தெரிந்தது.

பக்கத்தின் மேலே மெனு இருக்கிறது. அதன் கீழே படிவத்துக்கான இணைப்பு, அதற்கும் கீழே கணக்கறிக்கை. அவர் மவுஸைக் கீழே கொண்டுவரும் வழியில் அது மெனுவில் படுகிறது. உடனே துணை மெனு விரிந்து பக்கம் முழுவதையும் கீழே தள்ளுகிறது. படிவம் கீழே போய்விட்டதைக் கண்டு அவரும் மவுஸை இன்னும் இறக்குகிறார். மெனுவின் எல்லையைத் தாண்டிய கணத்தில் மெனு மூடிக்கொள்கிறது, பக்கம் திரும்பவும் மேலே ஏறுகிறது. மவுஸுக்குக் கீழே இப்போது இருப்பது கணக்கறிக்கை. அதற்குள் விரல் அழுத்திவிட்டது.

இதற்கு 'லேஅவுட் ஷிப்ட்' என்று பெயர். காரணம் எளிது. உலாவி ஒரு பக்கத்தைப் பெட்டி பெட்டியாக அடுக்குகிறது. ஒரு பெட்டி முடியும் இடத்தில்தான் அடுத்தது தொடங்கும். பஸ்ஸில் மூன்று பேர் இருக்கிற சீற்றில் நாலாமவர் வந்து இருந்தால் மற்றவர்கள் அரக்கித்தான் ஆகவேண்டும். சிஎஸ்எஸ்ஸில் 'டிஸ்பிளே: நன்' என்று மறைத்த துணை மெனுவுக்கு இடமே கிடையாது. மவுஸ் பட்டதும் அது 'டிஸ்பிளே: பிளொக்' ஆனால், வரிசைக்குள் புதிதாக ஓர் ஆள் ஏறியது போலத்தான்.

ஆகவே அதை வரிசையிலிருந்து வெளியே எடுக்கவேண்டும். துணை மெனுவுக்கு 'பொசிஷன்: அப்சொலூட்', 'டொப்: 100%', 'லெஃப்ட்: 0'. அதைத் தாங்கும் மேல்நிலைப் பெட்டிக்கு 'பொசிஷன்: ரிலேட்டிவ்'. இப்போது துணை மெனு பக்கத்தின் மேல் மிதக்கும், யாரையும் தள்ளாது. 2003ஆம் ஆண்டு 'எ லிஸ்ட் அபார்ட்' இணைய இதழில் வந்து பிரபலமான 'சக்கர்ஃபிஷ்' மெனுவிலேயே இந்த வழி இருந்தது. அவசரத்தில் நான் விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

அதைத் திருத்திய பிறகும் மெனு இலேசாகத் துள்ளியது. மவுஸ் படும் சொல்லுக்குக் கீழே 2 பிக்சல் கோடு வரச்செய்திருந்தேன். அந்த 2 பிக்சலும் உயரத்தோடு சேர்ந்து கீழே உள்ளதைத் தள்ளும். 'பொக்ஸ் சைசிங்' போட்டால் சரிவரும் என்று பலர் நினைக்கிறார்கள். உயரத்தை நாம் குறித்துக் கொடுக்காதவரை அது உதவாது. கோட்டைத் தொடக்கத்திலேயே நிறமில்லாமல், 'ட்ரான்ஸ்பேரன்ட்' ஆகப் போட்டுவைத்து, ஹோவரில் நிறத்தை மட்டும் மாற்றினால் போதும்.

தமிழில் தளம் செய்பவர்கள் அதிகம் மாட்டுப்படும் இடம் இன்னொன்று: தடித்த எழுத்து. ஹோவரில் எழுத்தைத் தடிப்பாக்கினால் சொல்லின் அகலம் கூடும், பக்கத்துச் சொற்கள் நகரும். ஆங்கிலத்தில் 'ஹோம்', 'நியூஸ்' என்று சின்னச் சொற்கள், வரிசையில் இடம் மிஞ்சும், ஒருவருக்கும் தெரியாது. நமக்கோ 'புலமைப்பரிசில்', 'செயற்றிட்டங்கள்', 'தொடர்புகளுக்கு'. வரிசை ஏற்கெனவே நிறைந்திருக்கும். ஒரு சொல் கொஞ்சம் தடித்தாலே கடைசிச் சொல் இரண்டாம் வரிக்கு விழுந்து, மெனுவின் உயரமே இரட்டிப்பாகிவிடும். சில வேளை சொல் மவுஸுக்குக் கீழிருந்தே விலகிப்போகும். விலகியதும் ஹோவர் முடியும், சொல் பழைய இடத்துக்கு வரும், திரும்ப ஹோவர் தொடங்கும். மெனு பழுதான ரியூப்லைற் போல மின்னும். மும்மொழித் தளங்களை ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் சோதித்துவிட்டு ஒப்படைப்பவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை. என்னைக் கேட்டால், தடிப்பை விட்டுவிட்டு நிறத்தை மாற்றுவதே நல்லது.

அசைவு வேண்டுமென்றால் உயரத்தையோ மார்ஜினையோ அசைக்காமல், 'ட்ரான்ஸ்ஃபோர்ம்', 'ஒப்பாசிட்டி' இரண்டையும் பயன்படுத்தலாம். இவை அயல் பெட்டிகளைத் தொடுவதில்லை. மேல் மெனுவுக்கும் துணை மெனுவுக்கும் இடையில் வெளி விடவும் கூடாது. விட்டால் மவுஸ் அதைக் கடக்கும்போது மெனு மூடிவிடும்.

கூகுள் இந்தத் துள்ளலை 'சிஎல்எஸ்' என்ற அளவால் கணக்கிடுகிறது. 0.1க்குள் இருந்தால் நல்லது என்பது அதன் வரையறை. சொடுக்கியபின் அரை விநாடிக்குள் நடக்கும் நகர்வை அது மன்னித்துவிடும். மவுஸ் மேலே படுவதால் வரும் நகர்வுக்கு அந்தச் சலுகை கிடையாது. கைத்தொலைபேசித் திரையில் மவுஸே இல்லாததால், அங்கே தட்டினால் திறக்கும் மெனு தனியாக வேண்டும். விசைப்பலகையால் நகர்பவர்களுக்காக ஹோவரோடு 'ஃபோகஸ் விதின்' என்பதையும் சேர்த்தேன்.

அன்று பின்னேரமே ஆசிரியை படிவத்தை இறக்கி அனுப்பிவிட்டார். அடுத்த நாள் திரும்பவும் அழைப்பு. எழுத்து நல்லாச் சின்னனாய்க் கிடக்குதாம்.