இடம்பெயர்ந்து திரும்பிய யன்னல்கள்

பிரான்சு நாட்டில், பாரிஸ் நகரின் தென்மேற்கே, கோதுமை வயல்களின் நடுவே சார்த்ர் நகரம் உள்ளது. அங்குள்ள அன்னை மரியாள் பேராலயம் 1194இல் தீக்கிரையானது. முகப்பும் சில யன்னல்களும் தப்பின. மக்கள் அதே இடத்தில் மீளக் கட்டினர். 1220ஆம் ஆண்டளவில் பெரும்பகுதி முடிவுற்றது.

கல்லாலான வளைவுக் கூரை சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். அத்தள்ளலை வெளியே நிற்கும் கல் முண்டுகள் தாங்குகின்றன. ஆகவே சுவரில் பெரிய யன்னல்கள் வைக்க முடிந்தது. கண்ணாடியை உருக்கும்போதே உலோகப் பொருட்களைக் கலந்து நிறமூட்டினர். கோபாற்று நீலத்தைத் தந்தது. நிறத் துண்டுகளை ஈயக் கீற்றுகளால் இணைத்து, சிறுசிறு பலகங்களாக இரும்புச் சட்டங்களிற் பொருத்தினர்.

வேதாகமக் காட்சிகளோடு உழைப்பாளரையும் அங்கே காண்கிறோம்: அப்பம் சுடுவோர், தச்சர், செருப்புத் தைப்போர். மாதங்களைக் காட்டும் யன்னலிலே கொடிமுந்திரி கவ்வாத்து, அரிவு வெட்டு, சூடடிப்பு யாவும் உண்டு. கமக்காரனின் ஆண்டு முழுவதும் ஆலயத்தினுள் இடம்பெற்றுள்ளது.

1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்ட வேளை, யன்னல்களைப் பலகம் பலகமாகக் கழற்றி, பெட்டிகளில் அடைத்து, பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசென்றனர். 1944 மே மாதக் குண்டுவீச்சில் அந்நகர நூலகம் எரிந்தது. கண்ணாடிகளோ போர் முடிந்தபின் திரும்பிவந்து தத்தம் இடங்களில் அமர்ந்தன.

விதைநெல்லையும் காணி உறுதியையும் பொதிந்து கொண்டு வெளியேறிய எமது குடும்பங்களுக்கு, அந்தப் பெட்டிகளின் பெறுமதியை நாம் விளக்க வேண்டியதில்லை.